ஏழாவது வரி

எங்கள் அண்ணி என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். அண்ணன், "கம்ப்யூட்டருக்கு ஓட்டப்பந்தயம் வைக்கிறா" என்பார். நான், "ஆபீஸ் வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அண்ணியிடமே கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பழசு வேகமா, புதுசு வேகமான்னு பார்த்துச் சொல்றது. அவ்வளவுதான்" என்பார்.

அண்ணியின் கம்பெனி, மருத்துவமனைகளில் எடுக்கும் ஸ்கேன் படங்களைச் சேமித்து, டாக்டர் கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் மென்பொருளைச் செய்கிறது. அதில் ஏழு பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் பொறுப்பு. யாராவது தம் பகுதியில் ஏதாவது மாற்றி எழுதினால், அதனால் வேகம் குறைந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் சேர்ப்பார்கள். பார்த்துச் சொல்லும் கருவியை எழுதியது அண்ணி. அது பழுதானால் சரிசெய்வதும், சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பதும் அண்ணிதான். இதற்கென்றே வைத்த ஒரு கம்ப்யூட்டர் மெஷினில் ஏழு பகுதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி, முன்பு எடுத்து வைத்த வேகத்தோடு ஒப்பிட்டு, திரையில் ஏழு வரிகளாகக் காட்டும். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் மெதுவாகியிருந்தால் அந்த வரி சிவப்பு. இல்லாவிட்டால் பச்சை. மாற்றி எழுதிய பகுதியின் வரியைத்தான் பார்ப்பார்கள்; அது சிவப்பானால் எழுதியவருக்கே திரும்பிப் போய்விடும். அதில் வாதாட இடமில்லை.

அந்த மெஷின் எட்டு மாதமாக எங்கள் வீட்டில் இருந்தது. ஆபீஸில் ஒரு மாடியைக் காலி செய்தபோது வைக்க இடமில்லாமல், "ஒரு மாசம் உங்க வீட்டுல இருக்கட்டும்" என்று அனுப்பினார்கள். பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள். நான் உட்கார்ந்து தைக்கும் அறையில், துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே அதை நிறுத்தி, மேலே ஒரு சின்னத் திரையை வைத்தோம். பள்ளிச் சீருடை, தலையணை உறை என்று எனக்கு வருகிற வேலையெல்லாம் அந்த அறையில்தான். அதனால் பகலெல்லாம் நானும் அந்த மெஷினும்தான் துணை. அண்ணி கூடத்தில் உட்கார்ந்து லேப்டாப்பிலேயே அதை இயக்குவார். இந்த அறைக்கு அவர் வருவது குறைவு.

அண்ணிக்கு எதுவும் கலைந்து கிடக்கக் கூடாது. அலமாரியில் துண்டுகள் நிறவாரியாக இருக்கும். மருந்துப் பெட்டியில் மாத்திரைகள் தேதிவாரியாக இருக்கும். அண்ணன் ஒரு முறை அவரைச் சீண்டுவதற்காகவே செருப்புகளை ஜோடி மாற்றி வைத்தார். அண்ணி ஒரு வார்த்தை பேசாமல் சரியாக வைத்துவிட்டு, அன்று முழுவதும் அண்ணனோடு பேசவில்லை. கருவியிலும் அப்படித்தான். ஏழு பகுதிகளையும் ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கியிருந்தார். "தேட வேண்டாம் பாரு, கண்ணு தானா போய் நிக்கும்" என்று என்னிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறார்.

ஏழாவது பகுதி படங்களைச் சுருக்கி அடுக்குவது. அதன் பெயர் ஆங்கிலத்தின் கடைசி எழுத்தில் தொடங்கும். அதுவரை ஆளில்லாமல் கிடந்த அதற்குப் பொறுப்பாக ஆறு மாதத்துக்கு முன்பு ஒருவர் சேர்ந்தார். வயது ஐம்பத்திரண்டு. அவர் முன்பு இருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஒன்றரை வருடம் வேலை தேடி, கடைசியில் இங்கே ஆறு மாதத் தற்காலிக வேலையில் எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் ஒழுங்காகப் போனால் நிரந்தரம். ஆபீஸில் மற்ற எல்லோரும் அவரில் பாதி வயது. அவர்கள் வைத்த பெயர் சித்தப்பா. அவரும் கோபப்படாமல் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்ப்பார். பதிலுக்கு எல்லோரையும் "பாஸ்" என்பார். அண்ணியையும்தான். நான் அவரைப் பார்த்ததில்லை. அண்ணியின் ஸ்பீக்கர் வழியாக வரும் குரலை மட்டும் தெரியும்.

"பாஸ், மறுபடியும் சிவப்பா?"

"ஆமா சித்தப்பா. ஏழு சதவீதம் மெதுவா இருக்கு."

"என் லேப்டாப்ல பறக்குது பாஸ்."

"எல்லார் லேப்டாப்லயும் பறக்கத்தான் செய்யும் சித்தப்பா. பந்தயம் மைதானத்துலதான்."

மறுமுனையில் யாரோ சிரிப்பது கேட்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். "சரி பாஸ், ஒரு தடவை திரும்ப ஓட்டிப் பார்த்துடுங்களேன். இந்தத் தடவையாவது ஓடினா ஓடட்டும்."

அண்ணி மறுக்க மாட்டார். மறுபடியும் ஓட்டுவார். பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை, முழுவதுமாக. மறுபடியும் ஏழு. மூன்றாம் முறை ஓட்டினாலும் ஏழு. "நம்பர் ஆடினாத்தான் சந்தேகப்படணும். இது ஆடவே மாட்டேங்குது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வருத்தத்தோடுதான் ரிப்போர்ட்டை அனுப்புவார். சித்தப்பா எழுதியதை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவார். இரண்டு வாரம் கழித்துக் கொடுப்பார். சிவப்பு. மறுபடியும் எழுதுவார். ஆறு மாதத்தில் ஐந்து சிவப்பு.

போன புதன்கிழமை மதியம் மேனேஜர் அண்ணிக்குப் போன் செய்தார். சித்தப்பாவை நிரந்தரம் செய்யப் போவதில்லை, வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, கோப்பில் வைக்கக் கடைசியாக ஒரு ரிப்போர்ட் வேண்டும் என்றார். அண்ணி தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"நான் என்ன பண்ணட்டும்? வந்த நம்பரைத்தானே சொல்றேன்" என்றார் மாலையில் அண்ணனிடம்.

"உன்னை யாரு குத்தம் சொன்னா? தராசு மேல கோவப்பட்டு என்ன ஆகப்போகுது" என்றார் அண்ணன்.

அண்ணிக்கு அது ஆறுதலாக இல்லை. அந்த மனிதரின் குரல் காதிலேயே நிற்கிறது என்றார்.

மறுநாள், கடைசி ரிப்போர்ட் என்பதால், அண்ணி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்தார். நாற்காலியை மெஷின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஓட்டம் தொடங்கியது. முக்கால் மணி நேரம் ஆகும். நான் சட்டைகளுக்குப் பொத்தான் துளை போட்டுக்கொண்டிருந்தேன். திரையில் முதல் வரி பச்சையானது. இரண்டு. மூன்று. ஐந்தாவது முடிந்தபோது மெஷினுக்குள் இருக்கும் மின்விசிறியின் சத்தம் கொஞ்சம் ஏறியது. ஆறாவது பச்சையானது.

"இப்போ கத்த ஆரம்பிக்கும் அண்ணி" என்றேன். துணியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். பேச்சுக்காகச் சொன்னது.

நான் சொல்லி முடிக்குமுன் அது கத்தத் தொடங்கியது. தையல் மெஷின் சத்தத்தையே விழுங்கிவிடுகிற கத்தல்.

அண்ணி திரும்பினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்பவும் அப்படித்தானே."

"எப்பவும்னா?"

"ஆறு முடிஞ்சு ஏழாவது வந்தா கத்தும். பக்கத்துல கையை வைக்க முடியாது, அயர்ன்பாக்ஸ் மாதிரி கொதிக்கும். அப்புறம்தான் சிவப்பு வரும்."

"இது எத்தனை நாளா?"

"இங்க கொண்டுவந்த நாள்ல இருந்து."

அண்ணி எழுந்து மெஷினின் பக்கவாட்டில் கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். ஏழாவது வரி சிவப்பாகும்வரை அப்படியே நின்றார். என் பக்கம் பார்க்காமல், "ஏன் ஒரு தடவைகூடச் சொல்லல?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற நான், உங்கள் மெஷின் சத்தம் போடுகிறது என்று உங்களுக்கே வந்து எப்படிச் சொல்வது? ஏழாவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலைபோல, அதனால்தான் அது அப்படி முக்குகிறது என்று நினைத்திருந்தேன். 

அண்ணி ஜன்னலைத் திறந்தார். மெஷினை அரை மணி நேரம் சும்மா விட்டார். அந்த அரை மணி நேரமும் நகத்தைக் கடித்துக்கொண்டே நின்றார். பிறகு ஏழாவது பகுதியை மட்டும் தனியாக ஓட்டினார்.

பச்சை. ஏழு சதவீதம் மெதுவாக இருந்தது இப்போது பழையதைவிடப் பதினொரு சதவீதம் வேகம்.

அண்ணி உட்கார்ந்துவிட்டார். பிறகு எனக்குச் சொன்னாரோ, தமக்கே சொல்லிக்கொண்டாரோ, நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். பழைய வேகத்தை அளந்து வைத்தபோது மெஷின் ஆபீஸின் ஏசி அறையில் இருந்தது. அப்போது ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக ஓட்டினார். இப்போது இந்தச் சின்ன அறையில் ஏழையும் மூச்சு விடாமல் ஓட்டுகிறார். சூடு ஏறினால் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதலில் ஓடுபவருக்கு ஒன்றும் தெரியாது. நடுவில் ஓடுபவருக்கு இரண்டு, மூன்று சதவீதம் போகும், ஆனாலும் பச்சைதான். கடைசியில் ஓடுபவர் மாட்டிக்கொள்வார். எத்தனை முறை ஓட்டினாலும் அவர்தான் கடைசி. அதனால் எத்தனை முறை ஓட்டினாலும் அதே ஏழு.

"நான்தான் பேர் வரிசையில அடுக்கினேன்" என்றார். "அழகா இருக்கட்டும்னு."

பட்டியலைத் தலைகீழாகத் திருப்பி மறுபடியும் ஓட்டினார். இந்த முறை கடைசியாக ஓடியது மேனேஜரின் சொந்தப் பகுதி. அது சிவப்பானது. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணிக்கு வரவில்லை. உடனே மேனேஜரைக் கூப்பிட்டார்.

"சார், ஏழாவது வரி தப்பு. சித்தப்பா எழுதினது மெதுவா இல்ல. மெஷின்தான் சூடாகுது. அவர் எப்பவும் கடைசில ஓடுறதால மாட்டிக்கிட்டார்."

"நீங்கதானே மூணு மூணு தடவை ஓட்டிப் பார்த்தீங்க?"

"மூணு தடவையும் ஒரே மாதிரி தப்பா ஓட்டியிருக்கேன் சார். தலைகீழா ஓட்டினா உங்க பகுதி சிவப்பு வருது."

"என்னோடதா? அது எப்படி வரும்?" மேனேஜரின் குரலில் அப்போதுதான் உயிர் வந்தது. "உடனே சரி பண்ணுங்க. இன்னைக்கே."

"பண்ணிடுறேன் சார். சித்தப்பா விஷயம்?"

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "அந்த இடமே இப்போ நம்மகிட்ட இல்லம்மா. அவரை எடுக்கலைன்னு சொன்னதும் வேற டீம் கேட்டு வாங்கிட்டாங்க. இருங்க, கேட்டுப் பார்க்கிறேன்."

அவர் கேட்கத்தான் செய்தார், அதைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, "எல்லார்கிட்டயும் பேசிட்டேன். ஒருத்தர்கூட நீங்க சொல்றது தப்புன்னு சொல்லல. அடப்பாவமேன்னுதான் சொல்றாங்க. ஆனா யாராலயும் மாத்த முடியாதாம்" என்றார்.

அண்ணி விடவில்லை. ஆட்களை எடுக்கும், அனுப்பும் பிரிவில் இருக்கும் பெண்ணைப் பிடித்தார். அந்தப் பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள்.

"ரிப்போர்ட் ஒரு காரணம் மட்டும்தான் மேடம். கொடுத்த வேலைய டயத்துக்கு முடிக்கலைன்னும் இருக்கு."

"சிவப்பு வந்ததால அஞ்சு தடவை திருப்பித் திருப்பி எழுதினார். எப்படி டயத்துக்கு முடிப்பார்?"

"அப்படின்னு கோப்புல இல்லையே மேடம்."

"நான் இப்போ எழுதி அனுப்புறேன்."

"அனுப்புங்க மேடம். கண்டிப்பா வச்சுக்கறோம். ஆனா கோப்பு நேத்தே மூடியாச்சு."

கடைசியாக அண்ணி சித்தப்பாவைக் கூப்பிட்டார். அவர் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். இழுப்பறை திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அண்ணி எல்லாவற்றையும் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை. பேர் வரிசையில் அடுக்கியது தாம்தான் என்பதையும் சொன்னார். அந்தப் பக்கம் இழுப்பறைச் சத்தம் நின்றுவிட்டது.

"அப்போ எனக்கு மூளை மழுங்கிப் போகல?" என்று கேட்டார் சித்தப்பா.

"இல்ல சித்தப்பா."

"ஆறு மாசமா அதைத்தான் யோசிச்சிட்டு இருந்தேன் பாஸ். வயசாயிடுச்சு, இனிமே நமக்கு இது வராதுன்னு." சிரித்தார். பிறகு, "ஒரு சின்ன உதவி பாஸ். இப்போ சொன்னதை ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களா? அடுத்து போற இடத்துல கேப்பாங்க, ஏன் ஆறு மாசத்துல அனுப்பினாங்கன்னு."

"கண்டிப்பா தர்றேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க."

அதைச் சொன்ன பிறகுதான் அண்ணி கம்பெனியில் கேட்டார். கம்பெனி பெயரில் கொடுக்க முடியாது என்றார்கள். சரி, என் பெயரில் கொடுக்கிறேன் என்றார். நீங்கள் இங்கே வேலை செய்யும்வரை அதுவும் முடியாது என்றார்கள். சேரும்போது கையெழுத்துப் போட்ட தாள்களில் அது இருக்கிறதாம். அண்ணி அந்தத் தாள்களை எடுத்து, கோடு போட்டுப் படித்தார். இருந்தது.

"வேலையை விட்டுடவா?" என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன் கடைக் கணக்கு நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். வியாபாரமே இல்லாமல் அண்ணன் அந்தக் கடையில் ஆறு மாதமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணி தாள்களை மடித்து உள்ளே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். சித்தப்பா நான் நினைத்ததைவிடக் குள்ளமாக, சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கூட அவர் மனைவி. அவரை என்ன சொல்லி அழைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சித்தி என்றால் விளையாட்டாகப் போய்விடும். "வாங்க, உட்காருங்க" என்றே சமாளித்தோம். நான் டீ போட்டுக் கொண்டுவந்தேன்.

அந்த அம்மா டீயைத் தொடவில்லை. "தப்பா நினைச்சுக்காதீங்க. இவர் வந்து சொன்னார். நான் நம்பல. என்னைச் சமாதானப்படுத்த எதையாவது சொல்லுவார், அது இவர் பழக்கம். அதான் நேர்ல கேட்டுடலாம்னு வந்தேன்."

"அவர் சொன்னது நிஜம்தாங்க" என்றார் அண்ணி. "வாங்க, காட்டுறேன்."

நாலு பேரும் என் அறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். தைத்து வைத்திருந்த சட்டைகளை அள்ளிக் கட்டிலில் போட்டு இடம் செய்தேன். அண்ணி ஏழாவது பகுதியை மட்டும் ஓட்டினார். ஆறு நிமிடம் ஆனது.  வரி பச்சையானது. பக்கத்தில் பதினொன்று என்று வந்தது.

"பார்த்தியா?" என்றார் சித்தப்பா மனைவியிடம். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பதினொண்ணு! படத்தைத் துண்டு துண்டா வெட்டுற இடத்தை மாத்தினேன்ல பாஸ், அதான் இது."

"அதேதான் சித்தப்பா. ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க."

"பாஸ், இன்னொரு தடவை ஓட்டுங்களேன்."

"ஒரு தடவை பார்த்தாச்சுல்ல" என்றார் அவர் மனைவி.

"ஒரு தடவையை நம்பக் கூடாதும்மா."

ஆனால் உடனே ஓட்ட முடியாது. வியாழக்கிழமையே அண்ணி கருவியைச் சரிசெய்துவிட்டார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே மெஷின் ஆற ஐந்து நிமிடம் காத்திருக்கும். வரிசையும் ஒவ்வொரு முறையும் மாறும். அதனால் நாலு பேரும் அது ஆறுவதற்காக நின்றோம். சித்தப்பா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த அம்மா திரையைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இவர் வேலை?"

அண்ணி தலையை ஆட்டினார். "கேட்டுப் பார்த்துட்டேங்க. முடியாதுன்னுட்டாங்க."

"இந்தப் பதினொண்ணை என்ன பண்ணுவாங்க?"

"அடுத்த வாரம் மென்பொருள்ல சேர்த்துடுவாங்க."

"அவர் எழுதினதை வச்சுக்குவாங்க. அவரை வச்சுக்க மாட்டாங்க."

அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த லெட்டராவது?"

"அதுவும் தரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நான் அவசரப்பட்டுத் தர்றேன்னு சொல்லிட்டேன். மன்னிச்சுடுங்க."

"பரவாயில்ல பாஸ்" என்றார் சித்தப்பா. திரும்பாமலேயே சொன்னார். "விடுங்க."

"நீங்க சும்மா இருங்க" என்றார் அவர் மனைவி. குரல் உயரவில்லை. "ஆறு மாசம் இவர் ராத்திரி தூங்கினதில்ல. நான்கூட ஒரு நாள் கேட்டேன், சின்னப் பசங்க செய்றாங்க, உங்களால ஏன் முடியலைன்னு. நானே கேட்டேன். இந்த மெஷின் எத்தனை நாளா இப்படித் தப்பாக் காட்டுது?"

"எட்டு மாசமா."

"இது சூடாகுறது யாருக்குமே தெரியலையா? வீட்டுக்குள்ளதானே வச்சிருக்கீங்க."

 கட்டிலில் கிடந்த சட்டைகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினேன். அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்குத் தெரியலைங்க" என்றார். "என் மெஷின், என் கருவி. நான்தான் பார்த்திருக்கணும்."

ஐந்து நிமிடம் முடிந்து ஓட்டம் மறுபடியும் தொடங்கியது. சித்தப்பா ஒரு அடி முன்னால் நகர்ந்தார். அந்த அம்மா சற்று நேரம் அவர் முதுகைப் பார்த்துவிட்டு, கட்டிலில் சட்டைகளை ஓரமாக ஒதுக்கி உட்கார்ந்து, அது முடியக் காத்திருந்தார்.